கடலில் ஒரு குடும்பம்

நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, கெடா பால்மரக் காடுகளுக்கு வந்தவர்கள். ஆகவே, 2012-இல் ஆங் லீ இயக்கிய ‘லைப் ஆஃப் பை’ நமக்கு அந்நியமான படமன்று.

புதுச்சேரிக் குடும்பமொன்று கனடா செல்கையில் கப்பல் மூழ்குகிறது. மகன் மட்டும் ஒரு புலியோடு படகில் 227 நாள் தத்தளிக்கிறான். தைவானில் தொட்டி கட்டி எடுத்த கடல்தான். ஆனாலும் புயற்காட்சியில் நெஞ்சு பதறுகிறது.

குறையா? பெற்றோரும் தமையனும் நம் மனத்தில் பதியுமுன்பே மறைந்துபோகிறார்கள். கரைசேர்ந்தபின் மகன் வேறொரு கதையும் சொல்கிறான்: படகில் விலங்குகள் இல்லை, தாய் இருந்தாள், கண்ணெதிரே கொல்லப்பட்டாள். அதைக் காட்டாமல் அவன் முகத்தை மட்டும் காட்டுகிறார்கள். இதை நான் குறையென்று சொல்லமாட்டேன்.

சுங்கைப் பட்டாணி வீட்டில், கப்பல் சாய்ந்ததுமே என் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.