ஒரே தளத்தில் வந்தவர்கள்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில், ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



வாழ்க்கை ஒரு பயணம் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நமக்கோ அது வெறும் உவமையன்று. நம் முன்னோர் மெய்யாகவே கப்பலேறி வந்தவர்கள். வழித்துணையை அவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டு வரவில்லை. தளத்தில் பாயை விரித்தபோது பக்கத்தில் யார் படுத்தாரோ அவரே துணை. அந்தத் துணையைப் பற்றித்தான் சில வார்த்தைகள் பேச வந்தேன்.

என் தகப்பனார் 1936-ஆம் ஆண்டில் ஒரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு இருபது வயது. கடல் கண்டறியாதவர். இரண்டாம் நாளே காய்ச்சலில் விழுந்தார். பக்கத்துப் பாயில் இருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டினார். அம்மனிதரின் சாதியார் எங்கள் ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாத காலம் அது. அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தால் என் தகப்பனாரை ஊரே விலக்கி வைத்திருக்கும். கப்பலிலோ அந்தக் கஞ்சிதான் உயிரைக் காத்தது. பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் இறங்கியபோதும், பின்னர் பேராக்கில் ஒரே தோட்டத்திற்கு வந்தபோதும் இருவரும் பிரியவில்லை. அடுத்தடுத்த லயத்து வீடுகளில் குடியேறினார்கள். அவரை எங்கள் வீட்டில் 'கப்பல் பெரியப்பா' என்றே சொல்வோம்.

நான் அவரைக் கண்ணால் கண்டதில்லை. 1943-ஆம் ஆண்டில் ஜப்பானியர் இருவரையும் சயாமிற்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நம்மவர் எத்தனை ஆயிரம் பேர் மாண்டார்கள் என்பதை நாம் அறிவோம். முகாமில் காலரா புகுந்தபோது பெரியப்பா விழுந்தார். இம்முறை என் தகப்பனார் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டினார். அது பிழைக்க வைக்கவில்லை. போர் முடிந்து தகப்பனார் தனியாகத் திரும்பி வந்தார். பெரியம்மாவையும் அவருடைய இரண்டு பெண்மக்களையும் நம் வீட்டு ஆட்கள் என்று சொல்லிவிட்டார். அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் ஓர் அடுப்புத்தான். நான் அந்த அடுப்புச் சோற்றில் வளர்ந்தவன்.

தோழர்களே! கஞ்சிக் கலயத்தில் கற்ற அந்தப் பாடத்தைத்தான் நாம் பின்னாளில் சங்கமாகக் கட்டினோம். 1954-இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நம்மை வெளியேற்றிய நாளில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. அந்தத் தோட்டத்தின் ஒரு மரத்தையும் காணாதவர்கள் அதற்குப் பங்குப் பணம் கட்டினார்கள். முகம் தெரியாதவரும் வழித்துணையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவ்வளவையும் கண்டு வளர்ந்த நானே ஒரு நாள் மறந்துபோனேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1966-இல் எனக்குக் கிராணி வேலை கிடைத்தது. லயத்தை விட்டுக் கிராணி வீட்டிற்குப் போனேன். சட்டைப் பையில் பேனா ஏறியது. கூடவே தலைக்கனமும் ஏறியது. மறு ஆண்டில் ஒரு சம்பள நாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் ஜன்னலில் நின்ற ஒரு பெண், தமக்கு ஒரு நாள் பேர் விடுபட்டிருக்கிறது என்றார். நான் செக்ரோலைத் திறக்கவேயில்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு, போம்மா" என்று விரட்டினேன்.

அவருக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றவர் எங்கள் பெரியம்மா. அவர் கோபப்படவில்லை. "தம்பி, நாம எல்லாரும் ஒரே தளத்துல படுத்து வந்தவங்கதானேப்பா. கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். அந்தப் பெண் வேலைக்கு வந்த நாளில் நான்தான் பேர் போட மறந்திருந்தேன். எல்லோர் முன்னிலையிலும் தவறை ஒப்புக்கொண்டு அந்தக் கூலியைச் சேர்த்தேன். ஒரு நாள் கூலி எனக்கு ஒரு கோடு. அந்தத் தாய்க்கோ பிள்ளைகளின் அரிசி.

இன்று நம்முடைய பழைய லயங்களில் யார் இருக்கிறார்கள்? நம் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். பால்மரம் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்து வேலை செய்கிறார்கள். அவர்களைக் கண்டு "நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள்" என்று நம்மவர் சிலர் முணுமுணுப்பதைக் கேட்கிறேன். அவர்களும் கடன்பட்டு, தாயைப் பிரிந்து, மொழி தெரியாத ஊரில் இறங்கியவர்களே. வந்த வாகனம்தான் மாறியது; வயிறு மாறவில்லை.

இதில் நம்முடைய நலமும் இருக்கிறது. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. தோட்டத்தில் உழைக்கும் உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் அந்தச் சட்டம் ஒன்றே. அவருக்குக் குறைத்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நாம் வாளாவிருந்தால், நாளை நமக்கும் அதே அளவுகோலைத்தான் நீட்டுவார்கள். தொழிற்சங்கத்தில் உறுப்பினராக அவர்களுக்கும் இடமுண்டு.

ஆகவே, கிராணிமார்களே, சம்பளச் சீட்டு புரியாமல் ஒருவர் ஜன்னலில் நின்றால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். தோழர்களே, பக்கத்து லயத்தில் ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் அவர் எந்த நாட்டார் என்று கேட்குமுன் கஞ்சி கொடுங்கள். எழுந்ததும் சங்கத்திற்கு அழைத்து வாருங்கள். தலைவர் அவர்களே, அவர்களுடைய மொழியிலும் உறுப்பினர் படிவம் அச்சிட வேண்டுமென்று இக்கூட்டம் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் தகப்பனார் கடைசிக் காலத்தில் ஊரைப் பற்றி அதிகம் பேசவில்லை. கப்பலைப் பற்றியே பேசினார். "அந்தக் கஞ்சிக்கு இன்னும் கடன் தீரலே" என்பார். அந்தக் கடனில் என் பங்கைத்தான் இன்று உங்கள் முன் வைத்தேன்.