போர்டில் இருப்பதை முதலில் எடுத்து வையுங்கள்

(விடுமுறைக் கால எலக்ட்ரானிக்ஸ் வகுப்பின் நிறைவு நாளில் செயலாளர் ஆற்றிய உரை)



பிள்ளைகளைப் பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர், மாடித் தொட்டி நிரம்பியதும் மணி அடிக்கும்படி ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். மூன்று வார உழைப்பு. உதவி செய்கிறேன் என்று நான் ஒரு மாதிரி புரோகிராமை அவருடைய போர்டில் ஏற்றினேன். இரண்டுக்கும் 'மெயின்' என்று ஒரே பெயர். பழையதை அழிக்கட்டுமா என்று கணினி கேட்கவே இல்லை. அவர் எழுதியது போய்விட்டது. வேறு பிரதியும் கிடையாது. அந்த போர்டு என் கையில் இருந்த அமானிதம். நான் அதைக் காக்கவில்லை.

"பென்டிரைவ் மாதிரி செருகினால் உள்ளே இருப்பது தெரியாதா?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. நம் வகுப்பில் இருப்பது 2021இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ. அதில் ஓடுவது மைக்ரோபைதான். பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் ஒரு டிரைவ் தோன்றும். ஆனால் அது மைக்ரோபைதானை ஏற்றுவதற்கான வாசல் மட்டுமே. பிள்ளை எழுதிய கோப்பு அங்கே தெரியாது.

அதைப் பார்க்க 'எம்பிரிமோட்' என்ற கருவி இருக்கிறது. சுட்டி, படம் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். எனக்கும் முதலில் பயமாகத்தான் இருந்தது. எம்பிரிமோட் என்று எழுதி, பக்கத்தில் 'எல்எஸ்' என்று போட்டால் போர்டில் உள்ள கோப்புகளின் பெயரும் அளவும் வரும். 'சிபி' என்றால் பிரதி எடுப்பது. முதலில் எழுதும் பெயரிலிருந்து இரண்டாவதற்குப் போகும். இதில் முக்காற்புள்ளியைக் கவனியுங்கள்: அது முன்னால் இருக்கும் பெயர் போர்டில் உள்ளது, இல்லாத பெயர் நம் கணினியில் உள்ளது. புள்ளி இடம் மாறினால் கோப்பு போகும் திசையே மாறிவிடும். 'ஆர்எம்' அழிப்பது, இங்கே மீட்டெடுக்கக் குப்பைத்தொட்டி கிடையாது.

ஆகவே எதையும் ஏற்றும் முன் எல்எஸ் போட்டுப் பாருங்கள். இருப்பதைத் தேதியிட்ட ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். சும்மா சோதித்துப் பார்க்கத்தான் என்றால் ஏற்றவே வேண்டாம். 'ரன்' என்ற கட்டளை கணினியில் உள்ள புரோகிராமை போர்டில் ஓட்டிக் காட்டும், சேமிக்காது. அன்று நான் அதைச் செய்திருந்தால் போதும். மின்சாரம் வந்தவுடன் தானாக ஓட வேண்டிய புரோகிராமை மட்டும் 'மெயின்' என்ற பெயரில் ஏற்றுங்கள்.

இன்னொன்று. தானி மென்பொருளில் போர்டு இணைந்திருக்கும்போது எம்பிரிமோட்டால் அதைத் தொட முடியாது. முதலில் தானியை மூடுங்கள். கேபிள் பழுது என்று நாங்கள் ஒரு மாலை முழுவதும் வீணாக்கியது இதனால்தான்.

அந்த மாணவர் தன் புரோகிராமை மறுபடி எழுதி முடித்துவிட்டார். வெளியே மேசையில் மணி அடித்துக்கொண்டிருப்பது அதுதான். சென்ற வாரம் அதைப் பார்க்க போர்டை நான் கேட்டபோது, கையில் கொடுக்காமல் சொன்னார்: "மாமா, முதல்ல எல்எஸ் போடுங்க."