சூடு எங்கே போகிறது?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று கேட்பவர்களிடம், "சூடு தணிக்கிற வேலை" என்பேன். சிரிப்பார்கள். ஆனால் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கு இன்று பெரிய தலைவலி சூடுதான். விரல் நகத்தளவு சிப்பில் சில வாட் மின்சாரம் வெப்பமாகிறது. விசிறி வைக்க இடமில்லை. சூடு ஒரே இடத்தில் தேங்கினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பக்கத்திலுள்ள பேட்டரியின் ஆயுளும் குறையும்.

இதற்கு ஒரு வழிதான் 'வேப்பர் சேம்பர்'. தமிழில் ஆவி அறை எனலாம். நம் வீட்டு இட்லிக் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் நீர் ஆவியாகிறது; அது மேலே போய் இட்லிக்கும் மூடிக்கும் சூட்டைக் கொடுத்துவிட்டு, மறுபடி நீராகிச் சொட்டுகிறது. அந்தக் கொப்பரையை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய உலோகத் தகடாக்கி, காற்றை வெளியேற்றி, துளி தூய நீர் விட்டு மூடினால் அதுதான் ஆவி அறை.

"போனுக்குள்ளே தண்ணி கொதிக்குமா சார்?" என்பீர்கள். அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் தண்ணீர் 46 டிகிரியிலேயே கொதிக்கும். குளிர்ந்து நீரானதைச் சிப்பின் பக்கம் திரும்ப இழுப்பது உள்ளே இருக்கும் நுண்துளைத் திரி. விளக்குத்திரி எண்ணெய் உறிஞ்சுகிறதே, அதே கதைதான். மோட்டார் வேண்டாம்.

ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 420 ஜூல் போதும். அதை ஆவியாக்க மேலும் 2,257 ஜூல் வேண்டும். 'உள்ளுறை வெப்பம்' என்று மனப்பாடம் செய்தோமே, அதன் பலம் இது.

கருத்தும் புதிதல்ல. 1944-இல் அமெரிக்காவில் காக்ளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1963-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாகவே கண்டறிந்து, 'வெப்பக் குழாய்' என்று பெயரிட்டார். அதன் தட்டை வடிவம்தான் ஆவி அறை. 2025-இல் ஐபோன் 17 புரோவிலும் அது இடம்பெற்றது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஆவி அறை சூட்டை அழிப்பதில்லை, பரப்புகிறது, அவ்வளவுதான். திரி தாங்குவதற்கு மேல் சூடு வந்தால், நீர் திரும்புவதற்குள் திரி காய்ந்துவிடும். பரவிய சூடும் கடைசியில் காற்றுக்குத்தான் போக வேண்டும். போனின் மேற்புறம் 45 டிகிரி, வெளிக்காற்று 25 என்றால் வித்தியாசம் 20. அக்னி நட்சத்திரத்தில் காற்றே 40 ஆனால் வித்தியாசம் வெறும் 5. வெளியேறும் சூடும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். ஐபோனை 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வேலூரில் மே மாதம் அந்தக் கணக்கு என்னாவது?

தம்பி தங்கைகளே, வெயிலில் டெலிவரிக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் போன்தான் பிழைப்பு. நம் வெயிலுக்கான கணக்கை நாம்தான் போட வேண்டும். எந்த வடிவமைப்பைக் காட்டினாலும், "சூடு கடைசியில் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள் மெக்கானிக்கல் வகுப்பிலும் ஒருநாள் போய் உட்காருங்கள். இந்தப் பிரச்சினைக்குத் துறைச் சுவர் கிடையாது.