கல்லூரிக்குள் கட்சி மன்றம் எதற்கு?



காலை நேரத்தில் கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் நின்றால், எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரிக்குப் போகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அந்தக் கல்லூரிக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர், நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பக்கத்திலிருக்கும் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பர் 18 அன்று, கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் வளரும் பிள்ளையிடம் "படிக்கிற வயசுல உனக்கு எதுக்குப்பா அரசியல்?" என்று கேட்டால், அவன் எந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்வான்?

கேட்கிற பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. வழக்கில் பெயர் ஏறிவிட்டால் வேலை கிடைக்காது என்ற பயம் அது. ஆனால் வடசென்னைப் பிள்ளைகளைக் காவல் நிலையம் வரை இழுத்துப்போன 'ரூட்டு' தகராறுகள் எந்தக் கொள்கைக்காகவும் நடந்தவை அல்ல. எந்தப் பேருந்து, எந்தக் கல்லூரி என்பதற்காக நடந்தவை. சேர்ந்து நிற்க வேண்டும் என்ற வயதின் வேகத்துக்கு நல்ல காரணம் கிடைக்காதபோது, அது கெட்ட காரணத்தைப் பிடித்துக்கொள்கிறது. கட்சி சார்ந்த மாணவர் மன்றம் கல்லூரியில் இருக்கலாம் என்றே நான் சொல்வேன். அதன் நோக்கம் என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1943-ஆம் ஆண்டு. கும்பகோணம் அரசினர் கல்லூரி விடுதியில் குடிதண்ணீர்ப் பானைகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பிராமண மாணவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு வேறொன்று. அந்தப் பானையை வைத்து எழுந்த தகராறிலிருந்துதான் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. தவமணிராசன், கவிஞர் கருணானந்தம் போன்றவர்கள் அதைக் கட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரியாரின் கட்சி சேலம் மாநாட்டில் 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில். மாணவர்கள் அந்தப் பெயரை அதற்கு முன்பே சூட்டிக்கொண்டுவிட்டார்கள். தங்கள் விடுதியில், தங்கள் தாகத்தில் பட்ட அவமானத்தை அவர்கள் கட்சியிடம் கொண்டுபோனார்கள். கட்சி சொன்னதைக் கொண்டுவந்து விடுதியில் ஒட்டவில்லை.

மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர் என். சங்கரய்யா 1941-இல், பட்டப்படிப்பின் இறுதித் தேர்வுக்குச் சில நாள் முன்னால், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காகக் கைதானார். அந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்த விலையை எந்தப் பிள்ளையும் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் அவர் கொடுத்தது சொந்த நம்பிக்கைக்காக. யாரோ ஒரு தலைவரின் வரவேற்பு வளைவுக்காக அல்ல.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இன்னொன்றைப் பார்த்தோம். போராட்டத்தை நிறுத்தச் சொல்லி அண்ணாவே கேட்டுக்கொண்ட பிறகும் மாணவர் தலைவர்கள் சிலர் உடனே இணங்கவில்லை. அவர்கள் செய்தது சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் தாங்கள் மிக மதித்த தலைவரிடமே மறுத்துப் பேசுகிற முதுகெலும்பு அவர்களுக்கு இருந்தது. அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன்தான் 1967-இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தார்.

இன்று பல இடங்களில் மாணவர் அணி என்றால் என்ன வேலை தருகிறார்கள்? கொடி கட்டு, போஸ்டர் ஒட்டு, மாநாட்டுக்கு வேனில் ஆள் ஏற்று. வட்டச் செயலாளர் கூப்பிட்டால் ஓடு. இதைச் செய்யும் பையனுக்குக் கட்சியின் கொள்கை அறிக்கையைப் படித்துக்காட்ட ஒருவரும் இல்லை. எனக்கு இது கோபத்தைத் தருகிறது. பதினெட்டு வயது முடிந்தால் வாக்குரிமை என்று 1989-லிருந்து நம் நாட்டில் நடைமுறை. கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை முழு வாக்காளர். அவரை எடுபிடியாக வைத்திருப்பது அநியாயம்.

கல்லூரி மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழு 2006-இல் தந்த அறிக்கை, மாணவர் தேர்தல் அரசியல் கட்சிகளிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்றது. வேட்பாளரின் செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பு, 75 சதவீத வருகைப்பதிவு என்று விதிகளும் வகுத்தது. பணமும் வெளியாள் தலையீடும் உள்ளே வரக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கருத்தை வாசலில் நிறுத்திவைத்தால் உள்ளே மிஞ்சுவது சாதியும் ஊரும் ரூட்டும்தான்.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்தக் குப்பங்களிலும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தக் கட்சி மன்றமானாலும் அதன் முதல் வேலை இங்கே இருக்கிறது. நடந்ததை எழுதிவைப்பது, சட்டம் என்ன சொல்கிறதென்று படிப்பது, பிறகு சொந்தக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினரிடம் போய், "சட்டமன்றத்தில் இதைப் பற்றி என்ன பேசினீங்க?" என்று கேட்பது. எதிர்க்கட்சி மன்றத்துப் பையனையும் மேடையேற்றி அவன் வாதத்தை முழுசாகக் கேட்பது அடுத்த வேலை.

பகுதிச் செயலாளர்களே, வட்டச் செயலாளர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு மாணவர்களைக் கூப்பிடும்போது அவர்கள் கையில் கொடியோடு ஒலிவாங்கியையும் கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லுங்கள்.