நெறி கட்டினால் நீவி விடலாமா?

(பாசிர் கூடாங் வட்டார மக்களுக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். பாட்டி காலத்திலிருந்தே வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம் இது. உடனே எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். ஆனால் நெறி என்பது என்ன, அது ஏன் வீங்குகிறது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது.

உடலின் வடிகால்

இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தசைகளுக்கு இடையே ஊறுகிறது. அதில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். வழியெங்கும், குறிப்பாகக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும், அவரை விதை போன்ற முடிச்சுகள் உண்டு. இவைதான் காவல் சாவடிகள். புண்ணிலிருந்து வரும் கிருமியை வெள்ளை அணுக்கள் இங்கே மடக்கிப் போரிடும்போது முடிச்சு வீங்குகிறது, வலிக்கிறது. அதுதான் நெறி! கவனிக்க வேண்டியது புண்ணைத்தான். நெறியை அழுத்தி நீவுவதால் பயனில்லை.

நிணநீரைத் தள்ள இருதயம் போன்ற பம்ப் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்குவதாலும், தசை அசைவாலும், மூச்சாலும்தான் அது நகர்கிறது. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் நின்ற இடத்திலேயே நிற்பவர்களுக்கு மாலையில் பாதம் வீங்க இதுவும் ஒரு காரணம். இடையிடையே குதிகாலைத் தூக்கி இறக்கினாலே நீர் ஓடும். இரவு படுத்து எழுந்தும் வற்றாத வீக்கம் என்றால், இருதயம், சிறுநீரகம், இரத்தக் குழாய் எதில் கோளாறு என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

கொசு கொண்டுவரும் புழு

வடிகாலை அடைத்துவிடும் நோய்களில் பேர்போனது யானைக்கால். தமிழ்நாட்டில் சாக்கடைக் கொசு பரப்பியது; கும்பகோணத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மலேசியாவில் பெரும்பாலும் சதுப்பு நிலக் கொசு பரப்பியது. இங்குள்ள புழுவின் பெயரே ‘புருகியா மலாயி’. நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து அவற்றைக் கெடுத்துவிடும். இதன் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் நடமாடும் என்பதால், இரவில் இரத்தம் எடுத்துச் சோதிப்பது வழக்கம்.

பாதிப்புள்ள வட்டாரங்களில் 2004 முதல் 2008 வரை மலேசிய சுகாதார அமைச்சு மக்களுக்கு மாத்திரை கொடுத்தது. இலங்கை இந்நோயை ஒழித்துவிட்டதாக 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாத்திரை பரவலைத் தடுக்கும். முற்றிய காலைப் பழையபடி ஆக்காது. ஆனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் மேலும் வீங்குவதும் குறையும்.

வலிக்காத கட்டிதான் ஆபத்து

வலிக்கும் நெறி பெரும்பாலும் புண் ஆறியதும் அடங்கிவிடும். வலியே இல்லாமல், கெட்டியாக, இரண்டு வாரம் தாண்டியும் வளரும் கட்டியைத்தான் அலட்சியப்படுத்தக் கூடாது. அதோடு இரவு வியர்வையும் உடல் இளைப்பும் சேர்ந்தால் காசநோயாக இருக்கலாம். நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். காசநோய் முறையான மருந்தில் குணமாகும். இந்தப் புற்றுநோயிலும் சீக்கிரம் கண்டால் பலர் பிழைக்கிறார்கள்.

மார்பகப் புற்றுக்காக அக்குள் முடிச்சுகளை எடுத்த தாய்மார்கள் சிலருக்குப் பிறகு கை வீங்கும். கை கனக்கத் தொடங்கும்போதே சொன்னால், அழுத்தப் பட்டையாலும் பயிற்சியாலும் கட்டுப்படுத்தலாம்.

வெட்கப்பட்டுக் கைலிக்குள் காலை மறைப்பவர்களும், சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொள்பவர்களும் உண்டு. மறைத்து வைத்த வீக்கம் நாளாக நாளாகத் தடித்து இறுகிவிடும். பிறகு வைத்தியம் கடினம். கட்டியோ வீக்கமோ, அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் பிள்ளைகள் அழைத்துப் போங்கள்.