தலைப்புக் கோப்பில் பிழை



நாம் எழுதும் நிரலில் பிழை தெரிந்தால் ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கும். கணினியோடு வரும் தலைப்புக் கோப்பில் பிழையென்றால் வழக்கமாக வாய் திறக்காது. எழுதியவர் நாமல்ல, திருத்துவதும் நம் கையில் இல்லை. கேட்டால் மட்டுமே காட்டும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத்துக்கு அப்படியொரு கோப்பு. பிழை சட்டத்தில், "பத்திரம் எங்கே?" என்ற கேள்வியோ லயத்துப் பாட்டிமாரிடம். நாடற்று எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் விடிந்தது.

வைத்தியர்களாகிய நாங்களும் இதே தவறைச் செய்கிறோம். கொழுந்தெடுக்கும் தாய்க்கு இரத்தச்சோகை என்றால், "ஒழுங்காகச் சாப்பிடம்மா" என்று அவளையே கடிந்து அனுப்புகிறோம். பிழை அவள் எழுதாத செக்ரோலில் இருக்கலாம்.

அக்கரப்பத்தனை வளர்த்த நாம், எங்கிருந்தாலும் அந்த எச்சரிக்கையைக் கேட்டு வாங்குவோம்.