சீடர்கள் உண்டாக்கிய பிறந்த ஊர்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. இன்றைய செய்திகளில் அது கார் தொழிற்சாலைகளின் ஊர். 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்ற துயரமும் அதன் பெயரோடு சேர்ந்திருக்கிறது. ஆனால் வைணவர்களுக்கு அது பல நூற்றாண்டுகளாக ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் முக்கியம்: ராமானுஜர் அங்கே பிறந்தார். பிரம்ம சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் என்ற உரையை வடமொழியில் எழுதி விசிஷ்டாத்வைதத்துக்கு உறுதியான அடித்தளம் இட்டவர், திருவரங்கக் கோயிலின் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தியவர், பிறந்த ஊர் என்பதற்காகவே மக்கள் அங்கே போகிறார்கள். ஒரு தத்துவ ஆசிரியர் பிறந்த இடத்துக்கு யாத்திரை போவதில் பொருள் இருக்கிறதா, இருந்தால் அது என்ன என்பதைத்தான் இன்று ஆராயப்போகிறேன்.

முதலில் ஒரு புதிரைச் சொல்ல வேண்டும். ஆழ்வார்கள் பாடிய தலங்கள் 108. அவற்றில் இரண்டு இந்த மண்ணுலகில் இல்லாதவை. அந்தப் பட்டியலில் ஸ்ரீபெரும்புதூர் இல்லை. அங்கே கோயில் கொண்டிருக்கும் ஆதிகேசவப் பெருமாளை எந்த ஆழ்வாரும் பாடவில்லை. பாசுரம் பெறாவிட்டாலும் ஆசாரியர்கள் உகந்த இடம் என்பதால் அதை அபிமானத் தலம் என்பார்கள். அதுவும் போகட்டும். ராமானுஜர் தம் வாழ்நாளின் பெரும்பணி எதையும் இந்த ஊரில் செய்யவில்லை. படித்ததும் துறவு பூண்டதும் காஞ்சியில். எழுதியதும் ஆண்டதும் திருவரங்கத்தில். சோழ மன்னன் ஒருவனின் துன்புறுத்தலால் சோழ நாட்டை விட்டு வெளியேறிய பின் பல ஆண்டுகள் இருந்தது மேல்கோட்டையில். பரமபதித்ததும் திருவரங்கத்தில்தான், அவருடைய திருமேனியே அங்கே இருப்பதாக மரபு நம்புகிறது. ஆகவே அவரது உடலைத் தேடுபவர் அரங்கத்துக்குப் போகலாம். உழைப்பைத் தேடுபவர் மேல்கோட்டைக்குப் போகலாம். கருத்தைத் தேடுபவர் வீட்டில் இருந்தபடியே நூலைப் பிரிக்கலாம். பெரும்புதூருக்கு மிச்சமிருப்பது பிறப்பு என்ற ஒரு தற்செயல் மட்டும்தானா?

இல்லை என்பது என் வாதம். பெரும்புதூரைத் தலமாக்கியது பிறப்பு அல்ல, சீடர்கள். அங்கே நடக்கும் வழிபாட்டைக் கூர்ந்து பார்த்தால் வணங்கப்படுவது ஒரு தனி மேதை அல்ல என்பது விளங்கும். ஒருவரை ஒருவர் சார்ந்து நிற்கும் ஓர் உறவு வணங்கப்படுகிறது. அந்த உறவே அவருடைய தத்துவத்தின் உயிர்நிலையும் ஆகும். இதைச் சான்றுகளோடு பார்ப்போம்.

ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் சிறப்பு என்று வைணவர்கள் சொல்வார்கள். திருவரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. மேல்கோட்டையில் அடியார்கள் விரும்பிச் செய்துகொண்டது தமருகந்த திருமேனி. பெரும்புதூரில் இருப்பது தானுகந்த திருமேனி, அதாவது அவரே உகந்து தழுவிக் கொடுத்தது. மரபு சொல்லும் வரலாறு இது: ராமானுஜரின் சீடர் முதலியாண்டானின் மகன் கந்தாடை ஆண்டான், ஆசாரியர் பிறந்த ஊரில் அவர் திருவுருவம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ராமானுஜர் வாழ்ந்துகொண்டிருந்தபோதே சிலை செய்யப்பட்டது. அவர் அதைத் தழுவித் தம் சக்தியை அதில் வைத்து அனுப்பினார். தை மாதத்துப் பூச நாளில் பெரும்புதூரில் பிரதிஷ்டை ஆயிற்று. சிலைக்குக் கண் திறந்த வேளையில் அரங்கத்தில் இருந்தவருக்குக் கண்ணில் வலி கண்டதாகவும் சொல்வார்கள். இந்தக் கதையின் ஒவ்வொரு விவரத்தையும் சரித்திரமாக ஏற்க வேண்டியதில்லை. அது வலியுறுத்துவது எதை என்று கவனியுங்கள். ஊருக்குத் திரும்பி வந்தவர் ராமானுஜர் அல்லர். சீடரின் மகன் கேட்டதற்காக ஒரு திருவுருவம் வந்தது. பிறந்த ஊருக்கு அவரைத் திருப்பிக் கொடுத்தவர் இன்னொருவர்.

அந்தத் திருவுருவத்தை நடத்தும் விதமும் இதற்கேற்பவே அமைந்திருக்கிறது. குளிர்காலத்தில் அவருக்கு வெந்நீரில் திருமஞ்சனம் ஆகிறது, கம்பளி போர்த்துகிறார்கள். வயதான ஆசிரியர் ஒருவருக்கு மாணவர்கள் செய்யும் பணிவிடை அது. கோயிலில் சடாரி சாதிக்கும் வழக்கம் நேயர்களுக்குத் தெரியும். பெருமாள் சன்னிதியில் தலையில் வைக்கப்படும் அந்தத் திருவடி நம்மாழ்வாராகவே கருதப்படுகிறது. ராமானுஜர் சன்னிதியில் அதற்கு முதலியாண்டான் என்று பெயர். தாசரதி என்ற இயற்பெயர் கொண்ட முதலியாண்டான் ராமானுஜரின் சகோதரி மகன், சீடரும் கூட. துறவு ஏற்றபோது எல்லாவற்றையும் துறந்தேன், முதலியாண்டானைத் துறக்கவில்லை என்று ராமானுஜர் சொன்னதாக வழங்குகிறது. ஆக அங்கே ஆசாரியரின் ஆசி நம் தலைக்கு வரும்போது சீடர் வழியாகத்தான் வருகிறது. இன்னும் ஒன்று: அந்தக் கோயிலின் தாயாருக்கு எதிராஜநாதவல்லி என்று திருநாமம். துறவிகளின் அரசர் என்று பொருள்படும் எதிராஜர் ராமானுஜரைக் குறிக்கும். உலகத் தாயே ஓர் அடியவரின் பெயரைத் தாங்கி நிற்கிறாள். பட்டியலில் இடம் பெறாத கோயில் இவ்வளவு துணிவான ஒன்றைச் செய்திருப்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சிந்தனையாளர் ஒருவரைப் படிக்க வேண்டும், குளிப்பாட்டக் கூடாது என்று இங்கே ஒரு மறுப்பு எழும். சிந்தித்தவரைச் சிலையாக்கினால் சிந்தனை நின்றுபோகும் என்பது நியாயமான அச்சம். பல பெரியவர்கள் விஷயத்தில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் ராமானுஜரைப் பொறுத்தவரை இந்த மறுப்பு அவரது தத்துவத்தையே மறந்து எழுவது. உலகம் மெய் என்பது அவருடைய அடிப்படை. உயிர்களும் சடப்பொருள்களும் இறைவனுக்கு உடல், அவன் அவற்றுக்கு உயிர் என்று அவர் விளக்கினார். உடல் உயிருக்காக இருப்பதுபோல் நாம் அவனுக்காக இருக்கிறோம். அந்தச் சார்பே நம் இயல்பு, அதுவே நம் பெருமை. இப்படிச் சொன்ன ஒருவருக்குக் கல்லும் நீரும் ஊரும் வெறும் தோற்றமல்ல. அவர் எழுதியதாக மரபு போற்றும் ஒன்பது நூல்களில் ஒன்றான நித்யம் அன்றாட ஆராதனையை எப்படிச் செய்வது என்று சொல்லும் நூல். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய அதே கைதான் வழிபாட்டு முறையையும் எழுதியது. அறிவு ஒரு பக்கம், பணிவிடை ஒரு பக்கம் என்று அவர் பிரிக்கவில்லை. நாம் பிரித்துக்கொண்டு, பிறகு பெரும்புதூர் அர்ச்சகர் வெந்நீர் ஊற்றுவதைத் தத்துவத்துக்குப் புறம்பானது என்று சொல்வது முறையாகாது.

வரலாறு தெரிந்தவர்கள் வேறொரு கோணத்திலிருந்து கேட்பார்கள். 1017-இல் பிறந்து 1137 வரை, 120 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபுக் கணக்கு. இவ்வளவு நீண்ட ஆயுளை ஐயுற்று, 1077 முதல் 1157 வரை என்று வைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. அவரைத் துரத்திய சோழன் யார் என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. ஆண்டே உறுதியில்லாதபோது பிறந்த இடத்தைக் கொண்டாடுவதற்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் கேள்வி. ஆண்டைப் பற்றிய ஐயம் ஆய்வுக்கு உரியது, அதைத் தொடர வேண்டும். ஆனால் பெரும்புதூரின் பெறுமானம் பிறந்த தேதியை நம்பி நிற்கவில்லை. ஒரு சமூகம் தன் ஆசிரியரை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதை நம்பி நிற்கிறது. அந்த நினைவு தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது என்பதற்குச் சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நடக்கும் பத்து நாள் உற்சவம் சான்று. 2017-இல் ஆயிரமாவது ஆண்டு என்று ஊர் கூடியபோது கணக்கைச் சரிபார்க்க யாரும் வரவில்லை.

ஓதுதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாதத்தின் வலுவான சான்று அதில்தான் இருக்கிறது. ராமானுஜரின் நூல்கள் அனைத்தும் வடமொழியில் உள்ளவை. ஸ்ரீபாஷ்யத்தைப் பாடம் கேட்டுப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஆனால் அவர் சன்னிதியில் ஓதுவோர் குழுவான கோஷ்டி சேவிப்பது தமிழ். திருவரங்கத்தமுதனார் பாடிய 108 பாசுரங்கள் கொண்ட இராமானுச நூற்றந்தாதி அது. அடியவர்களின் காயத்ரி என்று போற்றப்பட்டு, திவ்யப் பிரபந்தத்தோடு சேர்த்து ஓதப்படுகிறது. ஆழ்வார் அல்லாத ஒருவர், ஆசாரியர் ஒருவரைப் பற்றிப் பாடியது பிரபந்தத்துக்குள் இடம் பெற்றது பெரிய நிகழ்வு. அமுதனாரோ ராமானுஜரை நேரடியாக ஆசிரியராகக் கொண்டவர் அல்லர், அவருடைய சீடரான கூரத்தாழ்வானின் சீடர். மறுபடியும் சீடர் வழியாகத்தான் குரல் வருகிறது. தமிழில் ஒரு நூலும் எழுதாத ஆசாரியரைத் தமிழில் நாள்தோறும் நிலைநிறுத்தியது மாணவரின் மாணவர்.

இனி எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு. குலம் பார்க்காதவர், எல்லோரையும் சேர்த்தணைத்தவர் என்று ராமானுஜரைக் கொண்டாடுகிறோமே, அவர் பெயரால் நடக்கும் கோயில்களில் அந்தச் சமத்துவம் இருக்கிறதா? கோஷ்டியில் யார் நின்று ஓதலாம், கருவறையில் யார் நுழையலாம் என்பதற்கு இன்றும் வரம்புகள் இருக்கின்றன. வைணவத்தின் வடகலை, தென்கலைப் பிரிவுகளுக்கிடையிலான வழக்குகள் தலைமுறைகளாக நீதிமன்றங்களில் நடந்திருக்கின்றன. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற முயற்சி 2021-இல் நியமனங்களாக வந்த பிறகும் வாதம் ஓயவில்லை. இந்தக் குற்றச்சாட்டை மறுக்க நான் வரவில்லை, அது உண்மை. மேல்கோட்டையில் திருக்குலத்தார் என்று ராமானுஜர் பெயரிட்டு அழைத்த, தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கிடைத்த உரிமைகூட ஆண்டில் சில நாள் உரிமையாகவே இருந்தது. ஹைதராபாத் அருகே முச்சிந்தலில் 2022-இல் திறக்கப்பட்ட 216 அடி உயர ராமானுஜர் சிலைக்குச் சமத்துவச் சிலை என்று பெயர். அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்த உயரத்துக்கு ஒரு பயன் உண்டு. பெயரை நாடறியச் செய்தது. ஆனால் சமத்துவம் எங்கே, எப்படி வாழப்பட்டது என்று அறிய, பெரும்புதூருக்குப் போகும் பழைய சாலையே மேலான பாடம் என்பேன்.

அந்தச் சாலையில் சென்னையிலிருந்து போகும்போது முதலில் வருவது பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். அவர் வைசிய குலத்தவர், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். அவரைத் தம் ஆசிரியராகக் கொள்ள ராமானுஜர் விரும்பினார். அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். ராமானுஜர் வீடு வருவதற்குள் அவருடைய மனைவி நம்பிக்கு உணவளித்து அனுப்பிவிட்டு, அவர் உண்ட இடத்தைக் கழுவித் தீட்டுக் கழித்திருந்தார். பின்னாளில் இல்லறத்தையே விடக் காரணமான வருத்தங்களில் இதை ஒன்றாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. ராமானுஜரின் சமத்துவம் சொந்த வீட்டுச் சமையலறையில் தோற்ற சமத்துவம். அதனாலேயே அது உண்மையானது, நமக்கும் உறுத்துவது. பூவிருந்தவல்லியில் இறங்காமல் நேரே பெரும்புதூர் போய் அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்பும் யாத்திரை இந்தக் கேள்வியைச் சந்திப்பதே இல்லை.

அடுத்து, பூவிருந்தவல்லியை ஒட்டியே முதலியாண்டானின் நசரத்பேட்டை. அருகிலேயே திருமழிசை ஆழ்வாரின் திருமழிசை. பெரும்புதூரைத் தாண்டினால் எம்பார் பிறந்த மதுரமங்கலம். காஞ்சியில் ராமானுஜருக்குப் பாடம் சொன்ன யாதவப் பிரகாசர் மாணவர்களோடு சேர்ந்து அவரைக் கொல்ல நினைத்தபோது எச்சரித்துக் காத்த சிற்றன்னை மகன் அவர். காஞ்சியை நெருங்கினால் கூரம். சோழன் சபைக்கு ராமானுஜரின் காவி உடையை அணிந்து அவருக்குப் பதிலாகப் போய்க் கண்களை இழந்த கூரத்தாழ்வானின் ஊர். ஆழ்வான் காவியில் போக, ஆசாரியர் வெள்ளை உடுத்தி மேற்கே தப்பினார். அந்த நாளை நினைத்துத்தான் ராமானுஜருக்கு வெள்ளை சாத்துப்படி செய்கிறார்கள். அந்த வெள்ளை உடையைச் சேவிப்பவர் கூரத்தைப் பற்றி அறியாவிட்டால் அழகான அலங்காரம் ஒன்றை மட்டுமே பார்த்திருப்பார்.

இவ்வளவு ஊர்கள் ஒரே பாதையில் அமைந்தது தற்செயல் என்றே வைத்துக்கொண்டாலும், நாட்காட்டி அவற்றை இன்னும் நெருக்கமாகக் கோத்திருக்கிறது. சித்திரைத் திருவாதிரை ராமானுஜருடையது. அடுத்த நட்சத்திரமான புனர்பூசம் முதலியாண்டானுடையது. தையில் புனர்பூசம் எம்பாருக்கு, அதையடுத்த பூசம் பெரும்புதூர்த் திருவுருவம் பிரதிஷ்டையான நாள், பிறகு வரும் அஸ்தம் கூரத்தாழ்வானுக்கு. யாத்திரை போக நினைக்கும் நேயர்கள் கூட்டம் மிகுந்த சித்திரையை விட்டுத் தையைத் தேர்ந்தெடுக்கலாம். மதுரமங்கலத்தில் தொடங்கி, பெரும்புதூரில் வெந்நீர்த் திருமஞ்சனத்தைச் சேவித்து, சில நாள் கழித்துக் கூரத்துக்கும் போகலாம். கோயில்களை நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்தந்த நாளில் அந்தந்த ஊரில், சாதியும் ஊரும் கேட்காமல் வந்தவர் எல்லோரையும் உட்காரவைத்து, நூற்றந்தாதியின் ஒரு பாசுரத்துக்காவது எளிய தமிழில் பொருள் சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.